மந்திர வாளைத் திரும்ப வாங்குவது எப்படி?

கம்ப்யூட்டர் கேமில் ஓர் ஆயுதம் அளவுக்கு மீறிப் பலமாக அமைந்து விட்டால், தயாரித்த நிறுவனம் ஒரு பேட்ச் வெளியிடும். அதை இன்ஸ்டால் செய்ததும் ஆயுதத்தின் பலம் குறைந்து விடும். நண்பர்களுடன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் இந்த வசதி கிடையாது. அங்கே என்ன செய்வது?

முதலில் விளையாட்டைப் பற்றி. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-ல் இதை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக ஆடுவார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை 20 பக்கப் பகடை சொல்லும்.

கதை நடத்துபவர் ஆசையாக ஒருவருக்கு மந்திர வாள் ஒன்றைக் கொடுத்து விடுகிறார். எந்த அரக்கன் வந்தாலும் ஒரே வெட்டு. மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். இப்படியே போனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வராது. வாளைப் பிடுங்கினாலோ அந்த ஒருவர் வரமாட்டார்.

கர்ணனும் ஏகலைவனும்

காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் கர்ண மோட்சம் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கவசமும் குண்டலமும் இருக்கும் வரை கர்ணனை வெல்ல முடியாது. வியாச பாரதத்தில் இந்திரன் அந்தணர் வேடத்தில் வந்து அவற்றைக் கேட்கிறான். வருவது யார் என்று சூரியன் முன்பே எச்சரித்து விட்டான். தெரிந்தே கர்ணன் கொடுக்கிறான். பதிலுக்கு ஒரே ஒரு முறை மட்டும் எய்யக் கூடிய சக்தி ஆயுதம் கிடைக்கிறது. அர்ச்சுனனுக்காகப் பத்திரப்படுத்திய அதை, இரவுப் போரில் கடோத்கசன் மேல் எய்ய வேண்டி வருகிறது. ஒரு முறைதான் என்பதால்தான் அந்தக் கட்டத்தில் அத்தனை பரபரப்பு.

ஏகலைவன் கதை வேறு. துரோணர் கட்டை விரலைக் கேட்டார், வில்வித்தையே பறிபோனது, ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. கேட்பவர்களுக்கு இன்று வரை மனம் ஆறவில்லை. உங்கள் மேஜையில் நடக்க வேண்டியது கர்ணன் கதை.

நான்கு வழிகள்

1. ஆட்டம் தொடங்கும் முன் நண்பரிடம் தனியாகப் பேசுங்கள். "மத்தவங்களுக்கு வேலையே இல்லாமப் போயிடுச்சு" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்து கொள்வார். இரவோடு இரவாகத் திருடனை அனுப்பாதீர்கள்.

2. ஈடு கொடுங்கள். வாளைக் கொடுத்தால்தான் ஊர் பிழைக்கும் என்று கதையை அமையுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கொடுத்தால் வேறொரு சிறு ஆற்றலும் ஊராரின் நன்றியும் அவருக்கு.

3. எண்ணிக்கை வையுங்கள். இந்த விளையாட்டின் 5-ஆம் பதிப்பில் நெருப்புப் பந்து எறியும் மந்திரக்கோலுக்கு 7 சார்ஜ்கள்தான். கடைசி சார்ஜையும் செலவழித்தால் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் கோல் சாம்பல்!

4. இடத்தைக் குறையுங்கள். அதே பதிப்பில் அட்டியூன்மென்ட் என்ற விதி உண்டு. உடையவருடன் பிணைய வேண்டிய மந்திரப் பொருள்களில் ஒரே நேரத்தில் 3 மட்டுமே வேலை செய்யும். வாள் வேண்டுமானால் வேறொன்றை விட வேண்டும்.

கம்ப்யூட்டர் எதற்கு?

5-ஆம் பதிப்பின் அடிப்படை விதிகளை விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. பி.டி.எப். பைலாக இலவசமாக டவுன்லோட் செய்யலாம். 20 பக்கப் பகடை கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கூகுளில் ரோல் ஏ டை என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் பகடை திரையில் வரும்.

எக்ஸெலில் ஒரு ஷீட் திறந்து பொருளின் பெயர், வைத்திருப்பவர், மீதியுள்ள சார்ஜ் என்று மூன்று காலம் போட்டுக் கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சேவ் செய்யுங்கள். யார் கை ஓங்குகிறது என்பது இரண்டு மூன்று வாரத்திலேயே தெரிந்து விடும். அப்போதே பேசி விட்டால் பிடுங்க வேண்டிய நிலையே வராது.