கார்டில் மைனஸ் என்றால் பாக்கி இல்லை, உங்கள் பணம்!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு. இப்போது சில உறுப்பினர்கள் கையில் கிரெடிட் கார்டும் வந்திருக்கிறது. உத்யம் பதிவு செய்த குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கார்டு தரப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதனால் கார்டு கணக்கை நாமும் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணம் எப்படி மிச்சம் நிற்கும்?

கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரி, கார்டில் 6,000 ரூபாய்க்கு கிரைண்டர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பில் வந்ததும் முழுசா கட்டிவிட்டார். அப்புறம் கிரைண்டர் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் பணத்தைக் கார்டு கணக்குக்கே அனுப்பினார். இப்போது வங்கிதான் அவருக்கு 6,000 ரூபாய் தர வேண்டும். பில் தொகையைவிடக் கூடுதலாகக் கட்டிவிட்டாலும் இப்படித்தான் நிற்கும்.

பில்லில் இது "மைனஸ் 6,000" என்றோ "6,000 சி.ஆர்." என்றோ இருக்கும். "மைனஸ்னா நாம கட்டணும் போல" என்று பயந்து மறுபடியும் கட்டிவிடாதீர்கள்!

அப்படியே விட்டால் என்ன?

கார்டைத் தொடர்ந்து பயன்படுத்தினால், அடுத்து வாங்கும் பொருளில் அது கழிந்துவிடும். ஆனால் சேமிப்புக் கணக்கு மாதிரி அதற்கு வட்டி வராது.

கார்டைப் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால்தான் சிக்கல். மிச்சம் 340 ரூபாய் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 90, ஆக 590 ரூபாய் பிடிப்பார்கள். 340 போய், 250 ரூபாய் நம் பேரில் பாக்கியாகிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் அபராதம், வட்டி ஏறும். சிபில் மதிப்பெண்ணும் குறையும். நாளைக்குத் தொழில் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

என்ன செய்யணும்?

1. மிச்சப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, கேட்டதிலிருந்து 3 வேலை நாளில் போட வேண்டும்.

2. ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகி எடுக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலான வங்கிகள் அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும்.

3. கார்டு வேண்டாம் என்றால், வெட்டிப் போட்டால் மட்டும் கணக்கு முடியாது. மூடச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். பாக்கி இல்லாவிட்டால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடும்போது நிற்கும் மிச்சமும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

4. விண்ணப்ப நகல், புகார் எண், தேதி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். வழி கேட்க 14448.

ஒரு எச்சரிக்கை

"கார்டில் பணம் மிச்சம் இருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க, அனுப்பறோம்" என்று யாராவது போன் செய்தால் உடனே துண்டித்துவிடுங்கள். நம் பணம் நமக்கு வர ஓ.டி.பி.யோ, ரகசிய எண்ணோ யாரிடமும் சொல்லத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு, கார்டு வைத்திருப்பவர்கள் கடைசி பில்லைக் கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கும் பார்த்துச் சொல்லட்டும். 340 ரூபாய் என்றாலும் அது நாம் உழைத்த காசு!