பனி வீசும் மெஷினுக்கு எத்தனை எச்.பி. வேணும்?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



நமக்குப் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் புல் நுனியில் நிற்பதுதான். நான் சொல்லப்போவது அந்தப் பனி இல்லை. கனடாவிலும், அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், ஜப்பானின் வடக்குப் பகுதியிலும் ஒரே ராத்திரியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகக் கொட்டிக் கிடக்குமே, அந்தப் பனி. காலையில் வீட்டுக் கதவிலிருந்து ரோடு வரைக்கும் அதை அள்ளிப் போட்டால்தான் கார் வெளியே வரும். மண்வெட்டியால் அள்ளினால் இடுப்பு விட்டுப் போகும். அதற்காகவே ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். ஆள் பின்னால் நடந்தபடி ஓட்ட வேண்டும். பெயர் ஸ்னோ ப்ளோவர். உண்மையில் அது எதையும் ஊதுவதில்லை, அள்ளி வீசுகிறது. அதனால் ஸ்னோ த்ரோவர் என்றும் சொல்வார்கள், அதுதான் பொருத்தமான பெயர்.

பனியே இல்லாத ஊரில் இதைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். நாம் மூன்று வருஷமாகத் தனித்தனிப் பேப்பராகப் படித்த ஐ.சி. எஞ்சின், பெல்ட் டிரைவ், வார்ம் கியர், ஷியர் ஸ்ட்ரெஸ், முதலாமாண்டு புரொஜெக்டைல் எல்லாம் இந்த ஒரே மெஷினில் உட்கார்ந்திருக்கின்றன. அதன் எஞ்சினும் நமக்குப் புதிதல்ல. நம் ஊர்க் கட்டட வேலையில் காங்கிரீட் வைப்ரேட்டரை ஓட்டுகிற அதே ரக ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான்.

இதன் முன்னோடி ஒரு லாரி. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஆர்தர் சிகார் என்பவர் 1925-ல் லாரி மேல் பொருத்திய பனி வீசும் எந்திரத்தைச் செய்தார். 1927-ல் மான்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமோன் நகராட்சி அதை வாங்கியது. ஆள் பின்னால் நடக்கும் சிறிய மெஷின்கள் 1950-களில்தான் வீடுகளுக்கு வந்தன.

இனி டிசைனுக்கு வருவோம். இதில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு.

முதலாவது சிங்கிள் ஸ்டேஜ். முன்னால் ஒரு பெட்டி, அதற்குள் ரப்பர் பட்டை வைத்த ஒரு சுழலி. அதுவே பனியைத் தரையிலிருந்து வழிக்கும், அதுவே குழாய் வழியாக வீசியும் விடும். ரப்பர் தரையில் உரசுவதால் மெஷினை அதுவே கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு போகும். எடை குறைவு, விலையும் குறைவு. சிமென்ட் தரையில் சுத்தமாக வழித்துவிடும். ஆனால் ஜல்லி போட்ட பாதையில் ஓட்டக் கூடாது. பனியோடு ஜல்லியும் பறக்கும்.

இரண்டாவது டூ ஸ்டேஜ். வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆளிடம் கொடுத்தது மாதிரி. முன்னால் இரும்புத் திருகுச் சுருள், அதாவது ஆகர், மெதுவாகச் சுற்றும். நிமிஷத்துக்கு நூறு சுற்றை ஒட்டித்தான். அது கட்டிப் பனியை உடைத்து இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளும். அதன் பின்னால் இம்பெல்லர். நம் சென்ட்ரிஃபியூகல் பம்பில் பார்த்தோமே, அதே தத்துவம்தான். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று அளவில் சுற்றி, வந்த பனியை மேலே வீசும். எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக வரும் ஷாஃப்ட் இம்பெல்லரை நேரடியாகச் சுற்றுகிறது. அதே ஷாஃப்ட் முன்னால் போய் வார்ம் கியர் மூலம் பத்துக்கு ஒன்று என்கிற அளவில் வேகம் குறைந்து ஆகரைச் சுற்றுகிறது. ஆகர் தரையைத் தொடாது. இரண்டு பக்கமும் ஸ்கிட் ஷூ வைத்துச் சிறிது தூக்கி வைத்திருப்பார்கள். அதனால் ஜல்லிப் பாதையிலும் ஓட்டலாம்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. எங்கப்பாவிடம் எந்த மெஷினைப் பற்றிச் சொன்னாலும் முதலில் "எத்தனை எச்.பி.டா?" என்றுதான் கேட்பார். பம்ப்செட் வைத்திருக்கிற ஊரில் அது நியாயமான கேள்விதான். ஸ்னோ ப்ளோவருக்கு அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம், வாருங்கள்.

வாய் அகலம் 70 செ.மீ., பனி உயரம் 30 செ.மீ., நடக்கும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 0.105 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அப்படியானால் விநாடிக்குப் பத்தரை கிலோ. ரோட்டு ஓரம் லாரி தள்ளிவிட்டுப் போன ஈரப்பனி 400 கிலோ வரும். அதே நடையில் விநாடிக்கு 42 கிலோ! ஒரு சிமென்ட் மூட்டையை ஒவ்வொரு விநாடியும் தூக்கி வீசுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு.

வீசும் வேகம் என்ன? இம்பெல்லர் விட்டம் 30 செ.மீ., ஆயிரம் சுற்று என்றால் முனை வேகம் விநாடிக்கு 15.7 மீட்டர். காற்றுத் தடை இல்லையென்றால் 45 டிகிரியில் 25 மீட்டர் போய் விழ வேண்டும். குழாயில் உரசி, காற்றில் சிதறி, நிஜத்தில் அதில் பாதிதான் போகும். ஆனால் எஞ்சின் செலவழிப்பது பனி எங்கே விழுகிறது என்பதற்காக இல்லை, அதற்குக் கொடுத்த வேகத்துக்காக. அரை எம் வி ஸ்கொயர் போட்டால் கிலோவுக்கு 123 ஜூல். உலர்ந்த பனிக்கு 1.3 கிலோவாட், அதாவது 1.7 எச்.பி. ஈரப்பனிக்கு 5.2 கிலோவாட், சுமார் 7 எச்.பி. வெட்டுவதற்கும், உராய்வுக்கும், சக்கரத்தை ஓட்டுவதற்கும் ஆகும் செலவை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் 5 எச்.பி. மெஷின் ஈரப்பனியை வீசாதா? வீசும். பாதி வேகத்தில் நடந்தால் கிலோவும் பாதி, பவரும் பாதி. தூரம் குறையாது, நேரம்தான் இரண்டு மடங்கு ஆகும். அதனால் இந்த மெஷினில் எச்.பி.க்குச் சமமான முக்கியத்துவம் வேகத்தைக் குறைத்து ஓட்டும் அமைப்புக்கு உண்டு என்பது என் கருத்து. பவர் கூடுதலாக இருந்தும் மெதுவாக நகரத் தெரியாத மெஷின் குழாயை அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

அந்த வேகக் கட்டுப்பாடு பார்க்க வேடிக்கையாக இருக்கும். பல மெஷின்களில் கியர் பாக்ஸே கிடையாது. எஞ்சின் சுற்றும் ஒரு தட்டையான இரும்புத் தட்டு, அதன் முகத்தில் செங்குத்தாக அழுத்தி நிற்கும் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு சக்கரம். இதுதான் ஃபிரிக்ஷன் டிஸ்க். ரப்பர் சக்கரம் தட்டின் ஓரத்தில் இருந்தால் வேகம், மையத்துக்கு அருகில் வந்தால் மெது. மையத்தைத் தாண்டி மறுபக்கம் போனால் ரிவர்ஸ்! ரப்பர் தேயும், ஈரம் பட்டால் வழுக்கும் என்பது குறை. விலை கூடிய மெஷின்களில் ஹைட்ரோஸ்டாட்டிக், அதாவது எண்ணெய் பம்பும் எண்ணெய் மோட்டாரும். அதில் வேகத்தை இடைவெளி இல்லாமல் கூட்டிக் குறைக்கலாம்.

இனி ஸ்டிக்கரில் போட்டிருக்கிற எச்.பி.யை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் புல் வெட்டும் மெஷின்களின் எச்.பி.யைக் கூட்டிப் போட்டார்கள் என்று 2004-ல் வழக்கு நடந்து, 2010-ல் சமரசத்தில் முடிந்தது. அதையொட்டிப் பல கம்பெனிகள் சின்ன எஞ்சின்களில் எச்.பி.யை விட்டுவிட்டு சி.சி.யும் டார்க்கும் போட ஆரம்பித்தன. ஒரே எஞ்சினை எப்படி அளக்கிறோம் என்பதில் எண் மாறும். ஹோண்டா ஜி.எக்ஸ். 390 எஞ்சின் 389 சி.சி. ஒரு காலத்தில் 13 எச்.பி. என்று போட்டார்கள். நெட் முறையில் அது 11.7 எச்.பி.

எச்.பி.யை விட டார்க் வளைவைப் பார்ப்பது நல்லது. ஜி.எக்ஸ். 270 எஞ்சின் 3600 ஆர்.பி.எம்.மில் நெட் 8.5 எச்.பி. தருகிறது. கணக்குப் போட்டால் அங்கே டார்க் சுமார் 16.8 நியூட்டன் மீட்டர். அதன் உச்ச டார்க் 19.1, அது 2500 ஆர்.பி.எம்.மில் வருகிறது. கட்டிப் பனியில் மாட்டி எஞ்சின் திணறி வேகம் இறங்கும்போது டார்க் ஏறுகிறது. அதனால்தான் உடனே நின்றுவிடாமல் முக்கி முனகித் தாண்டுகிறது.

இன்னொரு கணக்கு கடைக்காரர் சொல்ல மாட்டார். எஞ்சினை வாய் அகலத்தால் வகுத்துப் பாருங்கள். ஹோண்டாவின் எச்.எஸ்.எஸ். வரிசையில் 24 அங்குல மெஷினுக்கு 196 சி.சி., 28 அங்குலத்துக்கு 270, 32 அங்குலத்துக்கு 389. அங்குலத்துக்கு முறையே 8.2, 9.6, 12.2 சி.சி. அகலம் கூடும்போது எஞ்சினை அதைவிட வேகமாகப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதே 196 சி.சி.யை 28 அங்குல வாயில் மாட்டி விற்றால் பார்க்கப் பெரிய மெஷினாகத் தெரியும், ஆனால் அங்குலத்துக்கு 7 சி.சி.தான். அகல வாய் வாங்கியவர் ஆமை வேகத்தில் நடக்க வேண்டியதுதான்.

குளிருக்காக எஞ்சினில் செய்யும் மாற்றங்களும் உண்டு. மைனஸ் 20 டிகிரி காற்று நம் ஊர் 35 டிகிரி காற்றை விட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி அதிகம். அதற்கேற்றபடி பெட்ரோல் கலவையைச் செறிவாக வைக்க வேண்டும். பல ஸ்னோ எஞ்சின்களில் ஏர் ஃபில்டரே இருக்காது. பனிக்காலத்தில் தூசி இல்லை, ஃபில்டர் வைத்தால் பனி ஒட்டி அடைத்துவிடும். ஆயில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதோடு, வீட்டு பிளக்கில் மாட்டி ஸ்டார்ட் செய்யும் மோட்டாரும் பலவற்றில் இருக்கும்.

இனி ஷியர் பின். ஆகரையும் அதன் ஷாஃப்டையும் இணைப்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த ஒரு பின். கல்லோ, பனிக்கட்டியோ, செய்தித்தாள் கட்டோ மாட்டினால் அது வெட்டுப்பட்டு உடையும். சில ரூபாயோடு போயிற்று. "அடிக்கடி உடையுதே" என்று ஹை டென்சைல் போல்ட் போட்டால் அடுத்த முறை உடைவது வார்ம் கியரின் வெண்கலப் பல். வைவாவில் ஷியர் ஸ்ட்ரெஸுக்கு உதாரணம் கேட்டால் இதைச் சொல்லலாம்.

உடையக் கூடாத இன்னொன்று ஓட்டுபவரின் கை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இந்த மெஷினால் காயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். குழாயில் ஈரப்பனி அடைத்துக்கொள்ளும், கையை விட்டு எடுப்பார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்ற தைரியம். ஆனால் அடைப்பில் மாட்டிய இம்பெல்லரில் பெல்ட்டின் இழுவிசை தேங்கி நிற்கும். அடைப்பு விலகிய அந்த நொடியில் இம்பெல்லர் ஒரு துள்ளு துள்ளும். விரல் போக அது போதும். லேத்தில் சுருள் சீவலைக் கையால் எடுக்காதே, பிரஷ் வை என்று வொர்க்‌ஷாப்பில் திட்டு வாங்குகிறோமே, இங்கேயும் அதேதான். எஞ்சினை நிறுத்தி, எல்லாம் சுற்றி நிற்கும் வரை காத்திருந்து, மெஷினோடு வரும் கம்பால்தான் தள்ள வேண்டும். நிறுத்திய பின்னும் கை உள்ளே போகக் கூடாது. ஹேண்டிலில் அழுத்திப் பிடிக்கும் லீவரை விட்டால் ஆகர் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதைக் கயிறு போட்டுக் கட்டி வைப்பவர்களும் உண்டாம்!

இப்போது பேட்டரி மெஷின்களும் வந்துவிட்டன. கலிபோர்னியா மாநிலத்தில் 2024 மாடல் ஆண்டிலிருந்து புதிய சிறு பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் விற்பனைக்குத் தடை. அங்கே மலைப்பகுதியில் பனி நன்றாகவே பெய்யும். மின் மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே நல்ல டார்க் உண்டு, காலையில் கயிறு இழுக்க வேண்டாம். ஆனால் கடுங்குளிரில் லித்தியம் பேட்டரி தரும் சக்தி குறையும், ஈரப்பனியில் சார்ஜ் சீக்கிரம் தீரும். எஞ்சின் போய் மோட்டார் வந்தாலும் டூ ஸ்டேஜ் மெஷினுக்கு முன்னால் அதே ஆகர், அதே இம்பெல்லர். ஈரப்பனி ஒரு கிலோவுக்குக் கொடுக்க வேண்டிய 123 ஜூலும் அப்படியேதான் இருக்கிறது.