காற்று விட்டுச்சென்ற கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்கும்போது, 'அமெரிக்காவில் சூறாவளி. வீடுகள் தரைமட்டம்' என்ற செய்தியைப் படிக்கிறோம். வங்கக் கடலில் உருவாகும் புயலையும் சில வேளைகளில் சூறாவளி என்றே எழுதுகிறோம். சொல் ஒன்றானாலும் இவை இரண்டும் வெவ்வேறானவை.

அமெரிக்காவைத் தாக்குவது டொர்னாடோ. இடிமேகத்தினுள் சுழலும் காற்று, தூண்போல் இறங்கித் தரையைத் தொடுவது அது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் நாள்களில், ஒரே வேளையில் பல இடிமேகங்கள் இத்தகைய சுழல்களை உருவாக்கிவிடும். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 148 டொர்னாடோக்கள் 13 மாநிலங்களைத் தாக்கின. 2011 ஏப்ரல் இறுதியில் நான்கே நாள்களில் 300-க்கும் மேற்பட்டவை உருவாகி, 300-க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தன.

நமது துணைக்கண்டமும் இதற்கு விலக்கல்ல. 1989-இல் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் ஒரே டொர்னாடோவுக்குச் சுமார் 1,300 பேர் பலியாயினர். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியிலும் இத்தகைய காற்று உயிர்ச்சேதத்தை ஏற்படுத்தியது.

டொர்னாடோவின் பாதை குறுகலானது. எச்சரிக்கைக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. புயலோ பல நூறு கிலோமீட்டர் பரப்பில் சுழல்வது. பல நாள்களுக்கு முன்பே தன் வரவை அறிவிப்பது. ஆயினும், முன்கூட்டியே தெரிந்த காற்றும் எவ்வளவு அழிக்கும் என்பதை நான் வாழும் மந்தாரக்குப்பம் பகுதி அறியும்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல், மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகக் காற்றுடன் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நெய்வேலியும் தப்பவில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். எனவே, சாதாரணக் காற்றைப் பல்லாண்டுகள் தாங்கிய மரமும் கூரையும் மின்கம்பமும் அன்று ஒருசேரச் சாய்ந்தன. நகரியத்தின் நிழல்மரங்கள் வீழ்ந்தன. பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஊரைச் சுற்றிய கிராமங்களே பல நாள்கள் இருளில் கிடந்தன.

பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு பெயர்ந்ததே பேரிழப்பு. நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். ஆனால், ஒட்டு முந்திரி காய்ப்புக்கு வரவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளரும் பலாவுக்கு ஏழெட்டு ஆண்டுகள். மரத்துடன் சாய்வது அத்தனை ஆண்டுகளின் வருமானம். 2018 நவம்பரில் 'கஜா' புயலில் தென்னையை இழந்த டெல்டா விவசாயிகளும் இதே துயரை அனுபவித்தனர்.

இங்கேதான் அமெரிக்கர்களிடம் நாம் கற்க வேண்டியது உள்ளது. டொர்னாடோவின் வேகத்தை நேரில் அளப்பது அரிது. ஆகவே, அது விட்டுச்சென்ற சேதத்தைக் கொண்டே வலிமையைக் கணிக்கும் முறையை 1971-இல் வகுத்தார் டெட்சுயா ஃபுஜிட்டா. 2007 முதல் நடைமுறையில் உள்ள அதன் மேம்பட்ட வடிவம் வீடு, பள்ளி, கம்பம், மரம் என 28 வகைச் சேதங்களைப் பார்க்கிறது. எது, எந்த இடத்தில், எப்படி முறிந்தது என்பதைப் பதிவு செய்கிறது.

நாம் சேதக் கணக்கைப் பெரும்பாலும் நிவாரணத் தொகைக்காகவே எடுக்கிறோம். தொகை வழங்கப்பட்டதும் கோப்பு மூடப்படுகிறது. எந்த வகைக் கூரை தாங்கியது, எந்த மரம் நின்றது, எந்தக் கம்பம் எங்கே ஒடிந்தது என்ற விவரம் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பல்லாண்டுப் பயிர்களுக்கான இழப்பீடும் காப்பீடும், மரம் மீண்டும் காய்க்க ஆகும் காலத்தைக் கணக்கில் கொண்டு அமைய வேண்டும்.

முன்னெச்சரிக்கை உயிரைக் காக்கும். மரத்தை இடம்பெயர்க்க முடியாது. காற்றையும் நம்மால் தடுக்க இயலாது. அது விட்டுச்சென்ற கணக்கைப் படித்து, அடுத்த காற்றுக்கு முன் கூரையையும் கம்பத்தையும் தோப்பையும் ஆயத்தப்படுத்த இயலும்.