கோண எழுத்து

சென்ற ஆடியில், தாராவியில் நம்மவர் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் வாயிலில் புதுப் பலகையொன்று ஏறிற்று. அன்பர் ஒருவர் கணிப்பொறியில் வரைந்து அச்சிட்டுத் தந்தது. வளைவே இல்லாத, தடித்த, கட்டம் கட்டமான எழுத்துகள். தூர நின்று காணக் கம்பீரமாகத்தான் இருந்தன. ஆனால் அன்று புதிதாய்ச் சேர்ந்த சிறுவன் எழுத்துக்கூட்டி, ‘தமிம் வகுப்பு’ என்று வாசித்தான். பிழை பிள்ளையுடையதன்று. ழகரத்தின் கீழ்ச்சுழி தடிப்பில் புதைந்துபோய், மகரம்போல் எஞ்சியிருந்தது.

இதனால் கோண எழுத்து தமிழுக்கு அந்நியம் என்று கொள்ள வேண்டா. மதுரையை அடுத்த மாங்குளத்துப் பாறையில் ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழ்ப் பிராமியில் ககரம் கூட்டற்குறி போன்றது. ரகரம் நிமிர்ந்த கோடு. உளிக்கு நேர்கோடு எளிது. ஓலையிலோ நேர்கோடு இழுத்தால் கிழியும்; ஆதலின் எழுத்தாணி ஓட ஓட எழுத்து வளைந்தது என்பர் அறிஞர். வளைந்தபின் அவ்வளைவே எழுத்துக்கு அடையாளமாயிற்று. இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் ஒரு சுழிதானே வேற்றுமை? சுழிக்குள் வெளியிடம் இல்லாவிடில் மனமும் மணமும் ஒன்றாகிவிடும். ட, ப, ம, ய முதலியன மூலை வைத்தாலும் முகம் மாறா. ஞ, ண, ழ அப்படியல்ல.

ஜெர்மனியில் 1920களில் ஜோசப் ஆல்பர்ஸ் என்னும் ஆசிரியர் சதுரம், முக்கோணம், கால்வட்டம் இவற்றாலேயே ரோமன் எழுத்துகளை அமைத்தார். சுவரொட்டிக்கு உகந்த எழுத்து அது. கபடிக் குழுவின் சட்டை, நாடக அறிவிப்பு, பொங்கல் விழாப் பந்தலின் முகப்பு என ஓரிரு சொல் போதுமான இடங்களில் நமக்கும் கோண எழுத்து பொருந்தும். நிகழ்ச்சி நிரலையும் அதிலேயே அடித்து முதியோர் கண்ணைச் சோதிப்பானேன்?

நாம் ரயில்வே குமாஸ்தா. பலகை பார்ப்பது தொழிலோடு வந்த பழக்கம். மாட்டுங்காவின் மஞ்சள் பலகையில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். ஊருக்குப் போகையில் ரேணிகுண்டா கடந்து அரக்கோணம் வந்தால், அதே மஞ்சளில் தமிழ் முதலிடத்தில் நிற்கும். செம்பூரில் பிறந்த நம் மகள் தானாக வாசித்த முதல் தமிழ்ப் பலகை அதுவே. ரகரத்தில் கோடுதான், அகரத்திலும் ணகரத்திலும் சுழி. எழுத்து தடிப்பே, ஆயினும் சுழிக்குள் மஞ்சள் தெரிந்தது. வண்டி புறப்படுமுன் படித்து முடித்துவிட்டாள்.

இம்மும்பையில் வாழ்ந்த ஆர். கே. ஜோஷியின் தலைமையில் உருவான ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துரு, விண்டோஸ் 2000 கணிப்பொறிகளோடு வீடுதோறும் வந்தது. இங்குள்ள ‘ஏக் டைப்’ குழுவினரின் ‘பாலூ தம்பி’ மிகத் தடித்தது. எனினும் மூலைகளை மழுக்கிச் சுழிக்கு இடம் விட்டிருக்கின்றனர். தமிழுக்குத் தடிப்பு ஆகாது என்பாருக்கு அதுவே விடை.

மகாராஷ்டிரத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, கடைப் பலகையில் மராத்தி முதலில் இருத்தல் வேண்டும். பிறமொழி எழுத்தினும் சிறிதாதல் கூடாது. முறைதான். அதன்கீழ் நம் கடைக்காரர்கள் தமிழுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு சாண் இடம். அதையும் கட்டங்களால் அடைத்தால் எவர் படிப்பர்?

வகுப்புப் பலகையை மறுபடி எழுதுவித்தோம். தூரிகை பிடிக்கும் ஓவியர் ஒருவர் வந்தார். பகரத்தையும் மகரத்தையும் மூலையோடு விட்டுவிட்டு, ழகரத்துக்கு மட்டும் இரண்டு விரற்கடை வாலிறக்கினார்.