பதில் வராதது பாதுகாப்பாகுமா?

கார்டு மூலம் பணம் பெறும் வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் பிசிஐ டிஎஸ்எஸ் நியதிகளின் நான்காம் பதிப்பில், அதுவரை பரிந்துரையளவில் நின்ற பல விதிகள் 2025 மார்ச் 31-க்குப் பின் கட்டாயமாகிவிட்டன. அதையொட்டி ஹோட்டல் நிர்வாகிகளும் ஜவுளிக்கடை முதலாளிகளும் எழுதும் கடிதங்களில் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. வாடிக்கையாளரின் வைஃபைக்கு ஒரு வீலேன் (ஒரே ஸ்விட்சில் தனியாகப் பிரித்த வலை), கார்டு இயந்திரங்களுக்கு வேறொரு வீலேன் என்று ஸ்விட்சில் பிரித்தாகிவிட்டது, இது போதாதா என்பதே அது.

பிரிப்பது அந்நியதிகளில் கட்டாயமன்று. பிரிவு உண்மையாக இருந்தால் தணிக்கைக்கு உட்படும் பரப்பு சுருங்கும், அவ்வளவே. இந்த ஆதாயத்தை முன்னிட்டுத்தான் விற்பவர்கள் வீலேனைப் பூரணமான மதிலென்று வருணிக்கிறார்கள். ஆனால் 1998-இல் வெளியான 802.1கியூ தரம் வகுத்திருப்பது, ஃபிரேம் எனப்படும் தரவுப் பொட்டலத்தின் தலைப்பில் செருகப்படும் நான்கு பைட் டேக்கில் பொதிந்த 12 பிட் எண்ணொன்றை ஸ்விட்சுகள் ஒன்றையொன்று நம்பி மதிக்கும் ஓர் ஏற்பாட்டையே ஆகும்.

அந்த நம்பிக்கை எங்கே தளர்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் டிரங்கில் எல்லா வீலேன்களின் ஃபிரேம்களும் டேக்குடன் செல்ல, நேட்டிவ் வீலேன் என்னும் ஒன்றுக்கு மட்டும், டேக் அறியாத பழைய சாதனங்களையும் உத்தேசித்து, டேக் இல்லாமலே செல்லும் சலுகை தரப்பட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய ஸ்விட்சில் பெரும்பாலும் அது வீலேன் 1, எல்லா போர்ட்டுகளும் இருப்பதும் அதே வீலேன் 1. வரவேற்பறையில் இன்னும் வீலேன் 1-லேயே கிடக்கும் ஒரு போர்ட்டில் கணினியைச் செருகும் தீயவன், உறைக்குள் உறை வைப்பதுபோல, வெளியே 1 என்றும் உள்ளே கார்டு இயந்திரங்களின் 30 என்றும் இரண்டு டேக்குகள் இட்டு ஒரு ஃபிரேமை அனுப்புகிறான் என்று கொள்வோம். அதனை ஏற்றுக்கொள்ளும் முதல் ஸ்விட்ச், நேட்டிவ் வீலேனுக்குரியதாயிற்றே என்று வெளி டேக்கைக் கழற்றி டிரங்கில் விடுகிறது. இரண்டாம் ஸ்விட்சின் கண்ணில் படுவதோ உள்ளிருந்த 30, ஆகவே அது ஃபிரேமைத் தயக்கமின்றிக் கார்டு இயந்திரங்களிடம் சேர்ப்பிக்கிறது. இரண்டு ஸ்விட்சுகளும் விதியை மீறவில்லை. ஃபயர்வாலோ ரவுட்டரோ அந்தப் பயணத்தில் குறுக்கிடவேயில்லை.

என்னை மிகவும் கலக்குவது இதற்கு அடுத்த விஷயம். இந்த யுக்தி ஒருவழிப் பாதை. போன ஃபிரேமுக்குப் பதில் அதே வழியில் திரும்பாது. பிரிவு உண்மையில் தடுக்கிறதா என்பதைக் குறைந்தது 12 மாதங்களுக்கு ஒருமுறை ஊடுருவல் சோதனையால் நிரூபிக்க வேண்டுமென்று நியதி சொல்கிறது; ஆனால் வைஃபை பக்கமிருந்து கார்டு பக்கத்துக்குப் பிங் அனுப்பி, பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்வதோடு சோதனை முடிந்துவிடுமானால், அது இந்த ஓட்டையைக் காணவே முடியாது. பதிலே எதிர்பாராத ஒரு யுடிபி பொட்டலம், பலவீனமான ஒரு சாதனத்தைக் குலைக்கப் போதுமானது. ஆகையால் கார்டு வீலேனிலேயே ஒரு கணினியை அமர்த்தி, வரும் ஃபிரேம்களைப் பதிவு செய்துகொண்டே மறுபக்கமிருந்து இரட்டை டேக் அனுப்பிப் பார்க்காத சோதனையறிக்கையில் கையொப்பமிட வேண்டாம் என்று வாசகர்களை வற்புறுத்துகிறேன்.

பரிகாரம் செலவற்றது. எந்தப் பயனரும் இல்லாத ஓர் எண்ணை, உதாரணமாக 999-ஐ, டிரங்கின் இரு முனைகளிலும் நேட்டிவ் வீலேனாக வையுங்கள். ஸ்விட்ச் அனுமதித்தால் நேட்டிவ் ஃபிரேம்களுக்கும் டேக் இடச் சொல்லுங்கள். வீலேன் 1-இல் ஒரு போர்ட்டையும் விடாதீர்கள். டிரங்கில் தேவையான எண்களை மட்டும் அனுமதியுங்கள். ஆள் செருகும் போர்ட்டுகள் ஒவ்வொன்றையும் ஆக்சஸ் என்று நிர்ணயித்து, தானாகப் பேசி டிரங்காக மாறும் வசதியை நிறுத்துங்கள். இல்லையேல் இரட்டை டேக்கின் சிரமம்கூட இன்றி, தானும் ஒரு ஸ்விட்ச் என்று நடித்தே ஒருவன் எல்லா வீலேன்களையும் அடைந்துவிடுவான்.

மற்ற கேள்விகள்:

ஒரே ஸ்விட்ச்தான் இருக்கிறது, டிரங்கே இல்லை, அபாயம் உண்டா? இரட்டை டேக்கினால் இல்லை.

எத்தனை வீலேன் வைக்கலாம்? தரம் இடமளிப்பது 4094. சிறிய ஸ்விட்சுகள் அதைவிடக் குறைவாகவே ஏற்கும்.

இரண்டு வீலேன்களும் ஒரே ரவுட்டரில் சேர்கின்றனவே? அங்கே தடை விதிகள் எழுதாவிட்டால், பிரித்ததன் பயன் அங்கேயே போயிற்று.

காலியான போர்ட்டுகள்? அணைத்துவிடுங்கள்.

டேக் இருந்தால் செய்தி மறையாக்கம் ஆகிவிடுமா? ஆகாது.