முற்றுப்புள்ளி மட்டும் போதுமா?



"ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." இப்படித் தொடங்கிய என் விடுப்புக் கடிதத்தைச் சென்ற ஆண்டு எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் வகுப்பில் உரக்க வாசித்தார். முற்றுப்புள்ளி வந்ததும் நிறுத்தினார். "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்... ம், அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வகுப்பே சிரித்தது. எனக்கோ அழுகை வந்துவிட்டது. ஆயினும் அன்று கற்ற பாடம் இன்றும் மறக்கவில்லை. அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

படித்தவுடன் "அப்புறம்?" என்று கேட்க வைக்கும் தொடரே குறைவாக்கியம். ஆங்கிலத்தில் இதனைச் 'சென்டென்ஸ் ஃபிராக்மென்ட்' என்பர். வாக்கியம் நிறைவு பெற எழுவாயும் முற்றுவினையும் வேண்டும். கருத்தும் முடிய வேண்டும். நீளம் முக்கியமன்று. 'பேர்ட்ஸ் ஃப்ளை' என்பதில் இரண்டே சொற்கள். அது முழு வாக்கியம். 'ரன்னிங் டு தி பஸ் ஸ்டாப் வித் எ ஹெவி பேக்' என்பதில் ஒன்பது சொற்கள் இருந்தும் அது குறையே. ஓடியது யார்? பிறகு என்ன நடந்தது?

தமிழ் இலக்கண வகுப்பில் எச்சம், முற்று என்று படிக்கிறோம் அல்லவா? 'ஓடி' என்று எழுதி எவரேனும் முற்றுப்புள்ளி வைப்போமா? 'ரன்னிங்' மட்டும் தனியே நிற்பதும் அத்தகைய எச்சந்தான்.

அப்படியிருந்தும் நாம் ஏன் தவறுகிறோம்? நம் தாய்மொழிப் பழக்கமே பெரும்பாலும் காரணம்.

முதலாவது, 'நேற்று வந்தேன்' என்றால் தமிழில் போதும். 'ஏன்' என்ற விகுதியே 'நான்' என்பதைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'கேம்' என்ற சொல் வந்தவரைக் காட்டாது. எனவே 'ஐ கேம் யெஸ்டர்டே' என்றே எழுத வேண்டும். 'கம் ஹியர்' போன்ற கட்டளை வாக்கியங்களில் மட்டும் 'யூ' மறைந்து நிற்கலாம்.

இரண்டாவது, 'அவள் என் தங்கை' என்பதில் வினையே இல்லை. தமிழில் அது நிறைவான வாக்கியம். ஆங்கிலத்திலோ 'ஷீ இஸ் மை சிஸ்டர்' என்று 'இஸ்' வர வேண்டும்.

மூன்றாவது, 'நான் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது' என்று தமிழில் இரண்டாகப் பிரித்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 'பிகாஸ்' இணைக்கும் சொல். 'ஐ டிட் நாட் கம் பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்று ஒன்றாக்க வேண்டும். 'வென்', 'இஃப்', 'ஆல்தோ' ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

திருத்தும் வழிகள் எளியவை. ஒன்று, குறைத்தொடரை அடுத்துள்ள வாக்கியத்தோடு சேர்த்துவிடலாம். என் கடிதத்தில் முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றியதும், 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' என்று சரியாகிவிட்டது. மற்றொன்று, இல்லாததைச் சேர்க்கலாம். 'ஷீ வாஸ் ரன்னிங் டு தி பஸ் ஸ்டாப்' என்றால் குறை நீங்கிவிடும்.

"பெரிய எழுத்தாளர்களும் இப்படி எழுதுகிறார்களே, சிஸ்டர்!" என்றாள் ஒரு தோழி. உண்மைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1852-53ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' நாவல் அத்தகைய குறைத்தொடர்களோடுதான் தொடங்குகிறது. "அவர் விதியை அறிந்து மீறினார், நீங்கள் அறியாமல் மீறுகிறீர்கள்" என்று சிஸ்டர் புன்னகையுடன் பதிலளித்தார்.

சிஸ்டர் கற்றுத்தந்த சோதனை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையை எழுதி முடித்ததும் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படியுங்கள். வரிசையாகப் படித்தால் முன் வாக்கியத்தின் பொருள் குறையை மறைத்துவிடும். தனியே படித்தால் குறை தானே தெரியும். காலாண்டுத் தேர்வில் சிவப்பு மையால் நிறைந்திருந்த என் ஆங்கிலக் கட்டுரை, இச்சோதனையால் அரையாண்டுத் தேர்வில் இரண்டே வட்டங்களோடு திரும்பி வந்தது!

தோழியரே, பொதுத் தேர்வு அறையில் நம் அருகே சிஸ்டர் இருக்கமாட்டார். ஆகவே ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் முன்னால் "அப்புறம்?" என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம். கேள்வி எழாவிட்டால் புள்ளி வைப்போம்.