பாமாயில் டீசலும் ஐரோப்பாவின் கணக்கும்

ரேஷன் கடையில் நாம் வாங்குகிற அதே பாமாயில்தான் ஐரோப்பாவில் கார் டேங்குக்குள் போனது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. 2010களின் பிற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியம் வாங்கிய பாமாயிலில் பாதிக்கும் மேல் பயோடீசலாக எரிந்தது. இதைச் செய்யச் சொன்னது ஒரு பருவநிலைச் சட்டம். பத்து வருஷம் கழித்து அதை நிறுத்தச் சொன்னதும் பருவநிலைச் சட்டம்தான். நடுவில் நடந்ததைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்படும் ஒரு கொள்கை எங்கோ இருக்கும் இன்னொரு நாட்டு மண்ணில் என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு வார்த்தை: 'கொள்கை ஒத்திசைவு'. வளர்ச்சி பற்றி ஆராயும் ஐரோப்பிய நிறுவனங்களில் இந்த வார்த்தை அடிக்கடி அடிபடும். விஷயம் எளிமையானது. ஒரு கையால் ஏழை நாட்டுக்கு நிதியுதவி கொடுத்துவிட்டு, வணிகம், மீன்பிடிப்பு, வேளாண் மானியம் என்று இன்னொரு கையால் அதைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. இது வெறும் உபதேசம் இல்லை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் முதலில் வந்தது. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் 208ஆம் பிரிவாக உட்கார்ந்தது. வளரும் நாடுகளைப் பாதிக்கக்கூடிய எந்தக் கொள்கையைச் செயல்படுத்தினாலும் வளர்ச்சி நோக்கங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அதே 2009 ஏப்ரலில்தான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டமும் நிறைவேறியது. 2020க்குள் ஒவ்வொரு உறுப்பு நாடும் போக்குவரத்துக்குப் பயன்படுத்தும் ஆற்றலில் 10% புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது அது. மின்சாரக் கார்கள் அப்போது ரோட்டில் மிக அரிது. ஆக, 10% என்றால் நடைமுறையில் உயிரி எரிபொருள் என்றுதான் பொருள். டீசல் கார்கள் நிறைந்த கண்டம், அதனால் பயோடீசல். பயோடீசலுக்கு வேண்டியது தாவர எண்ணெய்.

சட்டம் எழுதினவங்க முட்டாள்கள் இல்லை. காடழித்து எடுத்த எண்ணெய் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். 2008 ஜனவரியில் காடாக இருந்த நிலத்தில் விளைந்தது கணக்கில் சேராது, புதைபடிவ எரிபொருளைவிட குறைந்தது 35% உமிழ்வு மிச்சமாக வேண்டும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? ஓட்டை எங்கே என்று பார்ப்போம்.

ஒரு ஜெர்மன் விவசாயி பல வருஷமாக ரேப்சீட் பயிரிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகுக் குடும்பத்துப் பயிர், சமையல் எண்ணெய்க்குப் போய்க்கொண்டிருந்தது. இனி அது டீசல் ஆலைக்குப் போகிறது. அவர் நிலத்தில் எந்தக் காடும் அழியவில்லை, அதனால் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் அந்த எண்ணெயில் சமைத்தவர்கள் சமைப்பதை நிறுத்திவிடுவார்களா? உணவு ஆலைகள் வேறு எண்ணெயைத் தேடும். சந்தையில் மலிவானது பாமாயில். ஒரு ஹெக்டேரில் ரேப்சீடைவிடச் சில மடங்கு அதிக எண்ணெய் தரும் மரம் அது. தேவை கூடும், விலை ஏறும், சுமத்ராவிலோ போர்னியோவிலோ யாரோ ஒருவர் புதிதாகக் காட்டை வெட்டுவார். அந்த வெட்டு எந்தச் சான்றிதழிலும் வராது. இதற்குத்தான் 'மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றம்' என்று பெயர் வைத்தார்கள்.

வெட்டப்படும் இடம் பீட் நிலமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பீட் என்பது ஆயிரக்கணக்கான வருஷமாகத் தண்ணீருக்குள் மக்காமல் கிடக்கும் இலை, வேர், மரத்துண்டுகளின் அடுக்கு. சில இடங்களில் பல மீட்டர் ஆழம். எண்ணெய்ப்பனைக்கு வேர் அழுகக் கூடாது என்று கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால், காற்றுப் பட்டு அந்த அடுக்கு மெல்ல மெல்லக் கரியமில வாயுவாகப் போகும். மரம் நிற்கிற அத்தனை வருஷமும் போகும். தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். 1997 தீயில் இந்தோனேசிய பீட் நிலங்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் வெளியான கார்பன், உலகம் முழுக்கப் புதைபடிவ எரிபொருளால் சராசரியாக ஓராண்டில் வெளியாவதில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று 2002இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் பேஜ் குழுவினர் எழுதியது. அதாவது, சட்டம் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே இந்த மண்ணைப் பற்றித் தெரியும்.

2008 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு கேட்டு வாங்கிய கேலகர் அறிக்கையும், மறைமுக விளைவுகள் புரியும்வரை வேகத்தைக் குறையுங்கள் என்றது. உணவு விலை உலகெங்கும் எகிறிய வருஷம் அது. இருந்தும் 10% அப்படியே நின்றது. 2011இல் ஐரோப்பிய ஆணையமே கேட்டு வாங்கிய இன்னொரு ஆய்வு வந்தது. சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் டேவிட் லபோர்டு செய்தது. உயிரி எரிபொருளால் மிச்சமாகும் உமிழ்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நில மாற்றமே விழுங்கிவிடும் என்றது அது. பிறகு ஆஸ்திரியாவின் லாக்சன்பர்கில் இருக்கும் ஐயாசா ஆய்வு நிறுவனத்தின் மாதிரியை வைத்து ஒரு கணக்கு, 2016இல் வெளியானது. பாமாயில் டீசலில் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு நில மாற்றத்தால் மட்டுமே 231 கிராம். சோயாவுக்கு 150, ரேப்சீடுக்கு 65. சாதாரண டீசலின் மொத்தக் கணக்கே ஏறக்குறைய 94 கிராம்தான்! கார்பனைக் குறைக்க என்று ஊற்றிய எண்ணெய், டீசலைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுக்கு.

இவை மாதிரிக் கணக்குகள்தான். எடுகோளை மாற்றினால் எண் மாறும். தொழில்துறை அதைத்தான் பிடித்துக்கொண்டது: "உறுதியில்லாத அறிவியலை வைத்து முதலீட்டைக் கொல்லாதீர்கள்." சட்டத்தை நம்பி ஆலை கட்டியவர்கள், ரேப்சீட் விவசாயிகள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள். 2012இல் ஆணையம் 5% உச்சவரம்பு கேட்டது. 2015இல் முடிவானது 7%. கடைசியில் 2018 சட்டமும் 2019 விதியும் வந்தன. 2008க்குப் பிறகு விரிந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் 45% கார்பன் செறிந்த நிலத்துக்குள் போயிருக்கிறது, சோயாவில் அது 8% என்றது ஆணையம். எல்லைக்கோடு 10%. சோயா தப்பியது, பாமாயில் மாட்டியது. 2023க்குப் பின் படிப்படியாகக் குறைத்து 2030 முடிவில் பூஜ்யம் ஆக்க வேண்டும்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் எண்ணெய்ப்பனை நட்டால் 25 வருஷம் நிற்கும் மரம். இந்தோனேசியத் தோட்டப் பரப்பில் ஏறக்குறைய 40% சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. தேவை இருக்கிறது என்று உலகம் சொன்னபோது நட்டவர்களும் அவர்களில் உண்டு. இப்போது வேண்டாம் என்றால் மரத்தைப் பிடுங்கி வேறு பயிர் வைக்கவா முடியும்? விதியில் சிறு விவசாயிகளுக்கு ஒரு சலுகை உண்டு, ஆனால் அது இரண்டு ஹெக்டேருக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அதற்கும் சான்று வேண்டும். "உங்க ரேப்சீட் விவசாயியைக் காப்பாத்த எங்க ஆளை அடிக்கிறீங்க" என்கிற ரீதியில் இந்தோனேசியா 2019 டிசம்பரிலும் மலேசியா 2021இலும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. மலேசிய வழக்கில் 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, இப்படி ஒரு விதி போடும் உரிமை ஐரோப்பாவுக்கு உண்டு என்று ஏற்றது. அதை வகுத்த, நடத்திய விதத்தில் குறைகளையும் கண்டது.

எண்ணெய் என்ன ஆனது? இந்தோனேசியா தன் சொந்த டீசலில் கலக்கும் அளவைக் கூட்டியது: 2020இல் 30%, 2023இல் 35%, 2025இல் 40%. ஐரோப்பா கதவை மூடியதும் காட்டின் மீதான அழுத்தம் மறையவில்லை, வேறு கதவு வழியாகப் போனது.

என் கருத்து இதுதான். ஐரோப்பாவில் ஆராய்ச்சிக்குக் குறைவே இல்லை. எச்சரிக்கை நேரத்துக்கே வந்தது. ஆனால் இலக்கை முதலில் அறிவித்துவிட்டுக் கணக்கை அப்புறம் போட்டார்கள். கணக்கு வந்தபோது, இலக்கை நம்பி வாழ்பவர்கள் உருவாகிவிட்டார்கள். தவறின் செலவையும், அதைத் திருத்தும் செலவையும், அந்த மேஜையில் நாற்காலியே இல்லாதவர்கள் சுமந்தார்கள். 208ஆம் பிரிவு சொல்லும் 'கணக்கில் எடுக்க வேண்டும்' என்பதை 2009லேயே நிஜமாகச் செய்திருந்தால், குறைந்தபட்சம் யார் சுமப்பார்கள் என்ற கேள்வியாவது எழுந்திருக்கும்.

இது ஐரோப்பாவோடு முடிகிற கேள்வியும் இல்லை. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது இந்தியா. பெட்ரோலில் 20% எத்தனால் என்று நாமும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வேகமாக ஓடினோம். மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போனால் தீவனத்துக்கு எங்கே போவது என்று கோழிப்பண்ணைக்காரர்கள் கேட்கிறார்கள். மேலே ஜெர்மன் விவசாயியை வைத்துச் சொன்ன அதே கணக்குதான் இது. அடுத்த தடவை ஒரு பசுமை இலக்கு அறிவிக்கப்படும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல், இந்தப் பயிர் நேற்றுவரை யாருக்குப் போய்க்கொண்டிருந்தது, நாளைக்கு அவர்களுக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள்.